மடிக்கணினியின் வன்தட்டு திடீரெனப் பழுதானால்: தரவை மீட்பதற்கான முழுமையான வழிகாட்டி

மடிக்கணினியின் வன்தட்டு பழுதாகும் நொடியிலேயே அதிலுள்ள கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அவை தட்டின் மீது அப்படியே பதிந்திருக்கின்றன. அவற்றைப் படித்துத் தரும் பாகம்தான் செயலிழந்திருக்கும், அல்லது செயலிழந்துகொண்டிருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் பதற்றத்தோடு நாம் செய்யும் காரியங்களே, மீட்கக்கூடிய தரவை மீட்க முடியாததாக்கிவிடுகின்றன. திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு ஓட்டுவது, பக்கத்துக் கடையில் கொடுத்து விண்டோஸை மறுபடியும் நிறுவச் சொல்வது ஆகிய மூன்றும்தான் நான் அதிகம் காண்பவை. பழுதான தட்டு இன்னும் எத்தனை முறை படிக்க இடம் கொடுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே எஞ்சியிருக்கும் ஒவ்வொரு வாசிப்பையும் எதற்காகச் செலவிடுகிறோம் என்று யோசித்தே அடுத்த அடியை வைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த நோக்கில் வரிசைப்படுத்தப்பட்டவை. பிந்திய படிகளை முன்னதாகச் செய்வதால் விளையும் கேடு பெரிது என்பதால் வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி: உடனே அணையுங்கள்

கணினி வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் உறைந்து நிற்கிறது, கோப்புறையைத் திறந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, நீலத்திரை வருகிறது, உள்ளிருந்து சீரான இடைவெளியில் 'டக், டக்' என்ற ஒலி கேட்கிறது. இவற்றில் எது நேர்ந்தாலும் கணினியை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் முறைப்படி அணைய மறுத்தால் மின்பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து நிறுத்தலாம். மற்ற நாள்களில் அவ்வாறு அணைப்பது நல்லதல்ல. ஆனால் இந்த நேரத்தில் தட்டு ஓடிக்கொண்டிருப்பதுதான் அதைவிட ஆபத்தானது.

காரணம் தெரிந்தால் இந்த அறிவுரையின் கடுமை விளங்கும். மடிக்கணினிகளில் உள்ள இரண்டரை அங்குல வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. தரவைப் படிக்கும் முனை, தட்டின் பரப்பைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மீது மிதக்கிறது. அந்த முனை வளைந்தோ உடைந்தோ பரப்பைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு சுற்றும் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்கும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எந்த ஆய்வுக்கூடமும் திரும்பக் கொண்டுவர முடியாது.

விண்டோஸ் தொடர்ந்து சில முறை துவங்க முடியாமல் போனால் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குச் சென்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே ஓடக்கூடிய 'செக்டிஸ்க்' என்ற தட்டுச் சோதனை, நலமான தட்டில் கோப்பு அட்டவணை குழம்பியிருந்தால் மட்டுமே நன்மை செய்யும். பரப்பே கெட்டுக்கொண்டிருக்கும் தட்டில் அது மணிக்கணக்காகப் படித்து, படிக்க முடியாத பகுதிகளை ஒதுக்கி, அட்டவணையை அதற்கேற்ப மாற்றி எழுதுகிறது. அதன் விளைவாக, இருந்த கோப்புறைகள் காணாமல் போகும். அந்தத் திரையைக் கண்டால் காத்திருக்க வேண்டாம், அணைத்துவிடுங்கள். வெளித் தட்டாக இணைத்தபோது 'பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மெட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டாலும் ரத்து செய்யும் பொத்தானைத் தவிர வேறெதையும் அழுத்தாதீர்கள்.

இன்றைக்கும் சிலர் தட்டைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊரின் ஈரக்காற்றில், உறைந்த தட்டை வெளியே எடுத்த சில நிமிடங்களில் அதன் மேல் நீர் முத்துமுத்தாக அரும்பும்; உள்ளேயும் ஈரம் படியக்கூடும். தட்டைத் தட்டிப் பார்ப்பதும், திருகாணியைக் கழற்றி மூடியைத் திறப்பதும் அதே வகைதான். மிதக்கும் முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடச் சாதாரண தூசித்துகள் பன்மடங்கு பெரிது. அதனால்தான் மீட்பு நிறுவனங்கள் வடிகட்டிய காற்று ஓடும் தூய அறையில் மட்டுமே தட்டைத் திறக்கின்றன.

இரண்டாம் படி: பழுது வன்தட்டில்தானா என்று உறுதிசெய்யுங்கள்

திரை இருண்டுபோனாலே தட்டு போய்விட்டது என்று கலங்குபவர்கள் ஏராளம். மின்னூட்டி, மின்கலம், நினைவகம், தாய்ப்பலகை, திரை ஆகியவற்றில் எது கெட்டாலும் திரை இருளலாம். அப்போது தட்டு முழு நலத்தோடு இருக்கக்கூடும்; அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால் வேலை முடிந்தது.

கணினி ஒளிர்கிறது, ஆனால் விண்டோஸ் வரவில்லை என்றால், மின்பொத்தானை அழுத்தியவுடன் எஃப்2 அல்லது நிறுவனத்துக்கேற்ப எஃப்10, எஃப்12, டிலீட் விசையைத் தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குச் செல்லுங்கள். சேமிப்பகப் பட்டியலில் தட்டின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால், அதன் மின்னணுப் பலகை குறைந்தபட்சம் பேசுகிறது என்று பொருள். பெயரே இல்லையென்றால், கணினி அண்மையில் கீழே விழுந்து இணைப்பு நழுவியிருக்கலாம்; பலகை எரிந்திருக்கலாம்; முனை செயலிழந்திருக்கலாம். பெயர் தாறுமாறான எழுத்துகளாகவோ கொள்ளளவு பூச்சியமாகவோ தெரிந்தால், வீட்டில் எதையும் முயலாமல் நேராகக் கீழே உள்ள 'கடையில் கேட்க வேண்டியவை' என்ற பகுதிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: தட்டு சொல்வதைக் கேளுங்கள்

அமைதியான அறையில், கணினியை ஒரே ஒரு முறை இயக்கி, விசைப்பலகைக்குக் கீழே கை வைக்கும் இடத்தில் காதை ஒட்டி வையுங்கள். நலமான தட்டு மெல்லிய ரீங்காரத்தோடு சுழலத் தொடங்கி, இரண்டு மூன்று நொடிகளில் சீரான ஒலிக்கு வந்து, இடையிடையே லேசாகக் கரகரக்கும். ஒரே தாளத்தில் டக்கென்று அடித்து நின்று மீண்டும் அடித்தால், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் பக்கவாட்டில் மோதுகிறது. சுழலும் ஒலியே இல்லாமல் மெல்லிய 'பீப்' அல்லது முனகல் மட்டும் கேட்டால், முனை தட்டின் மீது ஒட்டிக்கொண்டு இயந்திரத்தைச் சுழலவிடாமல் பிடித்திருக்கிறது, அல்லது இயந்திரமே இறுகிப்போயிருக்கிறது. இந்த இரண்டு ஒலிகளுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. அணைத்து, தட்டைக் கழற்றி, நிலைமின்சாரத்தைத் தடுக்கும் உறை ஒன்றில் போட்டு வையுங்கள்.

ஒலி சீராக இருந்து, கணினி மட்டும் தாங்க முடியாத அளவுக்கு மந்தமாக இருந்தால், பரப்பில் ஆங்காங்கே படிக்க முடியாத பகுதிகள் தோன்றியிருக்கலாம். இந்த நிலையில்தான் உங்களால் நிறையச் செய்ய முடியும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' பதிவுகளை, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். ஆனால் அந்த மென்பொருளைப் பழுதான தட்டில் நிறுவாமல், வேறு கணினியில் நிறுவி இந்தத் தட்டை அதில் இணைத்துப் பாருங்கள். பட்டியலில் 05, சி5, சி6 என்ற எண்களைக் கொண்ட மூன்று வரிகள் முக்கியம். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். மூன்றாவது, எவ்வளவு முயன்றும் படிக்க முடியாதவை. சி5 பூச்சியத்தில் இல்லாமல், அரை மணி நேரத்துக்குள் கூடிக்கொண்டும் போனால் தட்டு கண்முன்னே கெட்டுக்கொண்டிருக்கிறது. சி7 என்ற எண் மட்டும் கூடியிருந்தால் அநேகமாக இணைப்புக் கம்பியில்தான் கோளாறு. அதை மாற்றினால் போதும்.

திரையில் நீல நிறத்தில் 'நலம்' என்று இருப்பதை நம்பி நிம்மதியடைந்துவிட வேண்டாம். கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை மிக வலுவான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே பழுதாகியிருந்தன. அதே ஆய்வின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது: பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய தட்டு, பிழையில்லாத தட்டைவிட அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகமாக இருந்தது. ஆக, எச்சரிக்கை வந்தால் அது மெய். வராவிட்டால் அதற்குப் பொருளில்லை.

நான்காம் படி: எது வேண்டும், அது வேறெங்கே இருக்கிறது

கணினி அணைந்திருக்கும் இந்த நேரத்தில் ஒரு தாளை எடுத்து, அந்தத் தட்டில் இருந்தவற்றுள் திரும்பக் கிடைக்காதவை எவை என்று எழுதுங்கள். மீட்புச் செலவு சில நூறு ரிங்கிட்டிலிருந்து சில ஆயிரம் ரிங்கிட் வரை போகக்கூடும் என்பதால், இந்தப் பட்டியல்தான் பிறகு எல்லா முடிவுகளையும் தீர்மானிக்கும். எழுதத் தொடங்கியவுடன், 'எல்லாமே போய்விட்டது' என்று தோன்றியதில் பெரும்பகுதி வேறெங்கோ இருப்பது தெரியவரும்.

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை இப்படித்தான் கலங்கிப்போய் வந்தார். நாள் பாடத்திட்டங்கள், தேர்வுத் தாள்கள், பள்ளி விழாப் படங்கள் அனைத்தும் போய்விட்டன என்றார். உட்கார்ந்து பட்டியலிட்டபோது, பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை கல்வி அமைச்சின் டெலிமா கணக்கோடு வரும் கூகுள் டிரைவில் இருந்தன. தேர்வுத் தாள்களைத் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததால், அனுப்பியவை பகுதியில் இணைப்புகளாக இருந்தன. விழாப் படங்கள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தரம் குறைந்த வடிவிலாவது கிடைத்தன. மீதமிருந்தது, காலமான தம் தந்தையின் குரலைப் பதிவுசெய்து வைத்திருந்த ஒரு கோப்புறை மட்டுமே. அதற்காகத்தான் பணம் செலவிட வேண்டும் என்ற தெளிவு அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

நீங்களும் அவ்வாறே தேடுங்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைபவர்களுக்கு, முகப்புத் திரையும் ஆவணக் கோப்புறையும் அவர்கள் கவனிக்காமலேயே ஒன்டிரைவில் சேமிக்கப்பட்டிருக்கலாம். வேறு கணினியில் நுழைந்து பாருங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டிலும் தனிப்பட்ட கணக்குகளில் அழித்த கோப்புகள் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். திறன்பேசியின் வாட்ஸ்அப் ஆவணக் கோப்புறை, பழைய பென்டிரைவ், அச்சுக்கடைக்கு அனுப்பிய கோப்பு, கணக்காளரிடம் கொடுத்த நகல் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். சிறுதொழில் செய்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மலேசிய வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியிருப்பதால், தட்டு கெட்டது என்ற பதில் தணிக்கையின்போது உதவாது. வங்கி அறிக்கைகளையும் முந்தைய வரிப் படிவங்களையும் அந்தந்த இணைய வாயிலிலிருந்து இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நேரத்தில், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் திறவுகோலையும் தேடி எடுங்கள். இப்போது விற்கப்படும் பல விண்டோஸ் மடிக்கணினிகளில், உரிமையாளர் கேட்காமலேயே தட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். தட்டை எவ்வளவு திறமையாக மீட்டாலும், 48 இலக்கங்கள் கொண்ட அந்த மீட்புத் திறவுகோல் இல்லாவிட்டால் கிடைப்பது பொருளற்ற எண்களே. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பகுதியில் அது இருக்கும். அலுவலகக் கணினியென்றால் அங்குள்ள தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் இருக்கும்.

ஐந்தாம் படி: முதலில் முழுத் தட்டையும் நகலெடுங்கள்

சீராகச் சுழன்று, பயோஸில் தெரிந்து, மந்தமாக மட்டும் இருக்கும் தட்டுக்குரியது இந்தப் படி. டக்கென்ற ஒலி எழுப்பும் தட்டுக்கு இது பொருந்தாது. பட்டியலில் உள்ளவை உங்களுக்கு உயிரான கோப்புகள் என்றால், மந்தமான தட்டாக இருந்தாலும் இதை நீங்கள் செய்யாமல் நிபுணரிடம் கொடுப்பதே என் பரிந்துரை.

மீட்பு மென்பொருள்களைப் பழுதான தட்டின் மீது நேரடியாக ஓட்டக் கூடாது. அவை கோப்புகளைத் தேடி முன்னும் பின்னும் அலையும்போது தட்டு மேலும் சோர்ந்துபோகும். முதலில் தட்டின் ஒவ்வொரு பகுதியையும் அப்படியே வேறொரு நல்ல தட்டில் நகலெடுத்து, பிறகு அந்த நகலில் வேலை செய்ய வேண்டும். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியைவிட நம்பகமான ஒன்றை நான் சொல்ல மாட்டேன். லினக்ஸில் இயங்கும் அது, சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்த இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம்.

தேவையானவை மூன்று: பென்டிரைவ், பழுதான தட்டைவிடக் கொள்ளளவு மிகுந்த நலமான தட்டு, பொறுமை. நலமான தட்டு ஃபேட்32 முறையில் ஃபார்மெட் ஆகியிருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பைச் சேமிக்க முடியாது. முடிந்தால் பழுதான தட்டை யூஎஸ்பி வழியாக அல்லாமல் கணினியின் உள்ளிணைப்பிலேயே விட்டு வையுங்கள். மலிவான யூஎஸ்பி இணைப்பிகள், தட்டு ஒரு பிழையில் தடுமாறும்போது தாமும் உறைந்துபோகின்றன.

துவங்கியதும் இணைக்கப்பட்ட தட்டுகளின் பட்டியலைப் பெயர், கொள்ளளவு, வரிசை எண்ணோடு திரையில் பார்த்து, எது மூலம், எது இலக்கு என்று தாளில் எழுதுங்கள். பிறகு அந்த எழுத்தைத் திரையோடு மீண்டும் ஒப்பிடுங்கள். இந்த இரண்டும் இடம் மாறிவிட்டால், வெற்றுத் தட்டு உங்கள் தரவின் மீது எழுதப்படும். அதற்குப் பின் மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டளையில் மூலம், இலக்கு, மூன்றாவதாக வரைபடக் கோப்பு என்ற வரிசையில் பெயர்கள் வர வேண்டும். வரைபடக் கோப்பை விட்டுவிடாதீர்கள். எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது மீதம் என்பதை அதுதான் குறித்து வைக்கிறது. இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்தக் கருவியின் சிறப்பு, அது சிக்கும் இடத்தில் நின்று போராடாமல் தாண்டிப் போவதுதான். கல் கிடக்கும் அரிசியில் நல்ல மணிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கல் உள்ள பிடியைக் கடைசிக்கு ஒதுக்குவது போல, முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக்கூடிய அனைத்தையும் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்புகிறது. கெட்ட பகுதிகளைத் துண்டு துண்டாகப் படிக்க முயலும் 'சுரண்டல்' கட்டத்தை, முதல் சுற்றில் தவிர்க்கும் தெரிவைக் கொடுத்து ஓட்டுங்கள். திரையில் மீட்கப்பட்ட விழுக்காடு, வாசிப்புப் பிழைகள், நடப்பு வேகம், கடைசியாக வெற்றியோடு படித்து எவ்வளவு நேரமாயிற்று என்பவை நொடிக்கு நொடி மாறும். வேகம் நொடிக்குப் பல மெகாபைட்டிலிருந்து சில கிலோபைட்டாகச் சரிந்து, கடைசி வெற்றிக்குப் பிந்திய நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் தட்டு திணறுகிறது. நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு தொடருங்கள். ஓடும்போது மேசை விசிறி ஒன்றைக் கணினியின் பக்கம் திருப்பி வையுங்கள். நம் தட்பவெப்பத்தில் மூடிய அறையில் மணிக்கணக்காக ஓடும் தட்டு நன்றாகவே சூடேறும். ஓட்டத்தின் நடுவில் டக்கென்ற ஒலி தொடங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். 90 விழுக்காடு நகலாகியிருக்கிறது, மீதியையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை அப்போது வரும். கிடைத்ததோடு அடுத்த படிக்குப் போவதே நல்லது.

ஆறாம் படி: நகலிலிருந்து கோப்புகளை எடுங்கள்

பழுதான தட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இனி நகலோடு மட்டும் வேலை செய்யுங்கள். பல சமயங்களில் நகல் அப்படியே திறந்து, கோப்புறைகள் பழைய பெயர்களோடு நிற்கும். திறக்காவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள், தொலைந்த பிரிவையும் அதன் அட்டவணையையும் தேடித் தரும். அதுவும் முடியாதபோது, அதே குழுவினரின் ஃபோட்டோரெக் கோப்புகளின் உள்வடிவத்தை வைத்தே அவற்றை அடையாளம் கண்டு எடுக்கும். ஆனால் பெயரும் கோப்புறை அமைப்பும் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்களும் ஆவணங்களும் எண்களையே பெயராகக் கொண்டு கிடைக்கும். படங்களை அவற்றினுள் பதிந்திருக்கும் தேதியைக் கொண்டு பிரிக்கலாம். ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இங்கே தமிழ் எழுதுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒருங்குறி பரவலாவதற்கு முன் எழுதிய கட்டுரைகள், கோயில் மலர்கள், சங்க அறிக்கைகள் பலவும் முரசு அஞ்சல், டிஸ்கி, டேப் போன்ற பழைய குறியீட்டு முறைகளில் இருக்கும். முத்து நெடுமாறன் 1985-இல் மலேசியாவில் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டச்சு செய்தவர்கள் நம்மிடையே மிகுதி. அத்தகைய கோப்பை மீட்டு, அதற்குரிய எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால், லத்தீன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை நீக்கிவிடாதீர்கள். உரிய எழுத்துருவை நிறுவிப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால், குறியீடு மாற்றும் மென்பொருள் ஒன்றால் ஒருங்குறிக்கு மாற்றிச் சேமியுங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளும் அதே தட்டில்தான் இருந்திருக்கும் என்பதால், விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையையும் மீட்புப் பட்டியலில் சேர்ப்பது நல்லது.

எஸ்எஸ்டி என்றால் கதை வேறு

அண்மைய மடிக்கணினிகளில் சுழலும் தட்டு கிடையாது, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். அது ஒலியெழுப்பி எச்சரிப்பதில்லை. நேற்று வரை ஓடியது, இன்று பயோஸிலேயே தெரியாமல் போகலாம். பெரும்பாலும் அதன் கட்டுப்பாட்டுச் சில்லோ உள்மென்பொருளோ குழம்பியிருக்கும். திடீர் மின்தடைக்குப் பிறகு காணாமல் போன எஸ்எஸ்டிக்கு மட்டும், வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம்: கணினியைப் பயோஸ் திரையிலேயே 20 நிமிடம் விட்டு வைத்து, அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். சில வகைகள் இந்த அவகாசத்தில் தம் உள் அட்டவணையைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிடும். திரும்பினால் வேறெதையும் செய்யாமல் முதலில் நகலெடுங்கள்.

எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த கோப்பு, சுழலும் தட்டில் போல நெடுநாள் காத்திருக்காது. 'டிரிம்' என்ற கட்டளையின் வழியாக இயங்குதளம் அந்த இடம் வேண்டாமென்று சொல்லிவிடுவதால், எஸ்எஸ்டி அதைப் பின்னணியில் துடைத்துவிடுகிறது. அழித்ததை உணர்ந்த நொடியில் அணைத்தால்தான் சிறிதளவாவது நம்பிக்கை உண்டு. 2018-க்குப் பிந்திய மேக்புக் புரோவிலும், 2020-இல் வந்த எம்1 முதலான எல்லா மேக்புக்குகளிலும் சேமிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, குறியாக்கமும் அதே பலகையோடு பிணைக்கப்பட்டுள்ளது. எனவே அங்கே தரவு மீட்பு என்பது தாய்ப்பலகையைப் பழுதுபார்ப்பதே. 'பலகையையே மாற்றித் தருகிறோம்' என்று சேவை மையம் சொன்னால், தரவை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளமும் மின்னலும்

2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களிலும் வீடுகள் மூழ்கியபோது மடிக்கணினிகளும் மூழ்கின. நீரில் கிடந்த தட்டை வெயிலில் உலர்த்துவதும், முடியுலர்த்தியால் காயவைப்பதும், அரிசிக்குள் புதைப்பதும் தவறு. சேறு காய்ந்தால் தட்டின் பரப்பில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியில் சுற்றி, காற்றுப்புகாத பையில் இட்டு, இயக்கிப் பார்க்காமல் அப்படியே மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள். மின்னல் தாக்கிய வெளித் தட்டில் பெரும்பாலும் மின்பலகை மட்டும் எரிந்திருக்கும். உள்ளிருக்கும் தரவுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதே வகைத் தட்டிலிருந்து பலகையைக் கழற்றி மாட்டினால் இன்றைய தட்டுகள் ஓடாது. ஒவ்வொரு தட்டுக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையிலுள்ள சில்லில் பதிந்திருப்பதால், அந்தச் சில்லையும் பெயர்த்து வைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவிலும் ஜார்ஜ்டவுனின் பிராங்கின் மாலிலும் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பாகம் மாற்றவும் புதிய தட்டு வாங்கவும் அவை நல்ல இடங்கள். தரவு மீட்பு தனித்தொழில் என்பதை மட்டும் மறவாதீர்கள். "அக்கா, விண்டோஸ மறுபடியும் போட்டுத் தந்துடுறேன், புதுசு மாதிரி ஓடும்" என்று கடைத் தம்பி நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். கணினி ஓட வேண்டும் என்பது அவருடைய கவலை. "தம்பி, கணினி ஓடாட்டியும் பரவாயில்ல, உள்ள இருக்குற ஃபைல்தான் வேணும், எதையும் எழுதாதீங்க" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒப்படைப்புச் சீட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

மீட்பு நிறுவனத்திடம், தட்டைத் திறக்கும் தூய அறை இங்கேயே இருக்கிறதா, வேறு நாட்டுக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ஆராய்வதற்குக் கட்டணம் உண்டா, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு, மாற்று முனையை எடுப்பதற்காக வாங்கும் அதே வகைத் தட்டின் விலை கணக்கில் சேர்ந்ததா என்பவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொல்லி, நான்காம் படியில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். தட்டைப் பார்க்காமலேயே நூறு விழுக்காடு உறுதி தருபவரிடம் கொடுக்காதீர்கள். முதலில் திறப்பவரின் கைதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் தவறாகத் திறக்கப்பட்ட தட்டை அடுத்த நிறுவனம் அதிக விலைக்குக்கூட ஏற்கத் தயங்கும்.

உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் அவசரப்பட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். உத்தரவாதம் புதிய தட்டைத்தான் தரும். பழையது திரும்பி வராது. வாக்களித்தபடி நடக்காத கடையின் மீது, திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அதற்கு ஆதாரமாக நிற்பது, ஒப்படைத்தபோது வாங்கிய எழுத்துதான்.

புதிய தட்டு வந்த பிறகு

மூன்று நகல், இரு வேறு சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறையை அன்றைக்கே தொடங்குங்கள். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மேகக் கணக்கிலோ ஈப்போவில் இருக்கும் தங்கை வீட்டிலோ ஒன்று. விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கின் டைம் மெஷினும் வெளித் தட்டை இணைத்தவுடன் தாமாகவே நகலெடுக்கும். நகலானதும் கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் தட்டு, கணினியோடு சேர்ந்து மின்னலுக்கும் பிணைப்பணம் கேட்கும் தீநிரலுக்கும் இரையாகும். ஒன்டிரைவை மட்டும் நம்புவதும் போதாது. கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும்.

நீண்டகாலச் சேமிப்புக்கு எஸ்எஸ்டியை எடுத்து அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தன் எழுது ஆயுள் முழுவதையும் தீர்த்துவிட்ட தனிநபர் எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே, மின்னணுத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவு. அதைவிட வெப்பம் ஏறும் அறையில் காலம் இன்னும் சுருங்கும். அலமாரிக்குச் சுழலும் வன்தட்டே பொருத்தம்; அதையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இயக்கிப் பாருங்கள்.

சில மாதங்களுக்கு ஒரு முறை, நகலிலிருந்து ஏதேனும் மூன்று கோப்புகளை, அந்த நகலை எடுத்த கணினியில் அல்லாமல் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு ஆவணம், ஒரு காணொளி திறந்தால் போதும். பழுதான பழைய தட்டை, மீட்ட கோப்புகள் அனைத்தையும் சரிபார்த்து முடிக்கும்வரை வைத்திருங்கள். பிறகு அதன் தகடுகளைத் துளையிட்டுச் சிதைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.